டொக்டரை மாத்தினால் கோவிப்பாரோ?

வாசகர் கேள்விகளுக்கு, லண்டன் சேர்ஜரி (குடும்ப டொக்டர்மார் இருக்கும் நிலையம்) ஒன்றில் ரிசெப்ஷனிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா பதில் சொல்கிறார்

போன இதழில் சீனி வருத்தக்காரருக்கு வருசாவருசம் செய்யும் பரிசோதனைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப்பேர் பரிசோதனையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எங்கட ஜிபியை மாத்தலாமோ?" என்று, அதாவது குடும்ப டொக்டரை மாத்தலாமோ என்றுதான் கேட்டிருந்தார்கள். ஒருவர் அதையும் கடைசி வரியில், பேனையை மாற்றி, சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்பதுபோல.

1992இல் வடமேற்கு லண்டனில் ஒரு சேர்ஜரியின் முன்மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். 2019இல் ஓய்வு பெற்றேன். இடையில் எத்தனையோ பேரைப் பதிந்தும் இருக்கிறேன், விலகிப் போனவர்களின் பைல்களைக் கட்டி அனுப்பியும் இருக்கிறேன். ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் இதற்குத்தான். நான் சொல்வது இங்கிலாந்தின் நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் சிலது வேறுபடும், அங்கே இருப்பவர்கள் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்பின் அக்காவுக்கு, எனக்கு 71 வயது. 19 வருசமாக ஒரே தமிழ் டொக்டர். மகளின் கலியாணத்துக்கு வந்தவர். என்னுடைய அவர் மோசம்போனபோது வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்தவர். இப்போது ஆறு மாதமாக எழும்பி நிற்கும்போது எனக்குத் தலை சுத்துகிறது. மூன்று முறை சொல்லிவிட்டேன். "வயசு போகுதம்மா, தண்ணி குடியுங்கோ" என்கிறார், கொம்பியூட்டரைப் பார்த்தபடி. பெண் டொக்டர் இருக்கிற வேறு சேர்ஜரிக்குப் போக விருப்பம். ஆனால் இவரிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது? கோவிலில் கண்டால் எந்த முகத்தோடு கதைப்பது?
– ஹரோ வாசகி

அம்மா, டொக்டரை மாற்றும் கதைக்கு முதல் உங்கள் தலைச்சுற்றைப் பார்ப்போம். பிரஷர் குளிசை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுக்கிறீர்கள் என்றால், எழும்பும்போது சுற்றுகிறது என்பதை இன்றைக்கே உங்கள் மருந்துக்கடைப் பார்மசிஸ்டிடம் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். விழுந்தால், மயங்கினால், நெஞ்சு நோ வந்தால் 999. அந்தளவு இல்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது என்றால், அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இன் ஆலோசனை நம்பர் 111. இது எதற்கும் புது டொக்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இனிக் கையெழுத்து. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஏனென்றால் நீங்கள் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1990க்கு முதல் இங்கே டொக்டரை மாற்ற வேண்டுமென்றால், பழைய டொக்டரிடம் மெடிக்கல் கார்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தைக் கண்டவர்கள். 1990இல் டொக்டர்மாரின் ஒப்பந்தம் மாறியபோது அந்தக் கையெழுத்தும் போய்விட்டது. போய் 30 வருசத்துக்கு மேலாகியும் எங்களுக்குள் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து மருமகளுக்கு என்று கைமாறிக்கொண்டே வருகிறது.

இன்றைய நிலைமை இதுதான்: நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய டொக்டரிடம் போய் அறிவிக்கவும் வேண்டியதில்லை. புதிய சேர்ஜரியில் பதிந்தால் போதும், பழைய பதிவு தானாகவே முடிந்துவிடும். என்.எச்.எஸ். சாசனத்திலேயே எழுதியிருக்கிறது: சேர்ஜரியைத் தெரிவுசெய்யும் உரிமை உங்களுடையது, நியாயமான காரணம் இல்லாமல் அவர்கள் உங்களை மறுக்க முடியாது.

அங்கே பின்பக்கம் என்ன நடக்கும் என்பதை நான் சொன்னால் உங்கள் பயம் கொஞ்சம் தெளியும். நான் சேர்ந்த நாளில் ரிசெப்ஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நாலு சுவரிலும் தட்டுகள், தட்டு முழுக்க மங்கல் மஞ்சள் கடித உறைகள். லொயிட் ஜோர்ஜ் உறை என்று பெயர். 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரியின் பெயர் அது. ஒரு மனிசனின் பிறந்த நாளில் இருந்து வந்த வருத்தமெல்லாம் அந்த ஒரு உறைக்குள் மடித்து மடித்துச் செருகியிருக்கும். வருத்தக்காரரின் உறை பொம்மி, வாய் பிளந்து, இறப்பர் பாண்ட் போட்டுக் கிடக்கும். யாராவது வேறு சேர்ஜரியில் பதிந்தால் எங்களுக்கு ஒரு பட்டியல் வரும். அந்தப் பெயர்களைப் பார்த்து உறைகளை எடுத்துப் பைக்குள் போட்டுக் கட்டி வைப்பேன். வான்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான். டொக்டர் தன் அறையில் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார். இன்னார் போய்விட்டார் என்று நான் சொன்னது கிடையாது, அவர் கேட்டதும் கிடையாது. இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. கொம்பியூட்டருக்குக் கொம்பியூட்டர் போகிறது.

நீங்கள் போனதை உங்கள் டொக்டர் உண்மையாகவே கவனித்தார் என்றே வைப்போம். வீடு மாறுகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள், புதிதாக வருகிறவர்கள் என்று ஒவ்வொரு மாதமும் அவருடைய பட்டியலில் ஆட்கள் கூடிக் குறைந்துகொண்டே இருப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று சேர்ஜரிக்குக் கிடைக்கும் பணம் உங்களோடு சேர்ந்து அடுத்த சேர்ஜரிக்குப் போகும். அந்த ஏற்பாடே ஆட்கள் மாறுவார்கள் என்பதை வைத்துத்தான்.

நன்றி என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். உங்கள் வீட்டுத் துக்கத்தில் பக்கத்தில் இருந்த மனிதரை நீங்கள் மறக்கத் தேவையில்லை. கோவிலில் கண்டால் முன்னைப்போலவே "சுகமா இருக்கிறியளோ டொக்டர்?" என்று கேளுங்கள். அந்த நன்றிக்காக ஆறு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். போக முதல் ஒருதரம், தலைச்சுற்று ஒன்றுக்காக மட்டும் அப்பொயின்ட்மென்ட் எடுங்கள். நீண்ட நேர அப்பொயின்ட்மென்ட் தரச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை மணிக்குச் சுற்றுகிறது, எந்தக் குளிசை எடுத்த பிறகு, விழுந்தீர்களா என்பதை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். எங்கள் அம்மாமார் நாலு வருத்தத்தைச் சேர்த்துச் சொல்லி, எழும்பிப் போகும்போது கதவடியில்தான் உண்மையான வருத்தத்தைச் சொல்வார்கள். 27 வருசமாகக் கண்டது. அப்படியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் யோசியாதேங்கோ. என்.எச்.எஸ். இணையத்தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் அக்கம்பக்கத்துச் சேர்ஜரிகள் வரும். மகளை இருத்தி இணையத்திலேயே பதியலாம், நேரில் போய்ப் படிவம் நிரப்பியும் கொடுக்கலாம். பெண் டொக்டர் எந்தெந்த நாள் நிற்கிறார் என்பதைப் பதிய முதலே போன் எடுத்துக் கேளுங்கள். பெயர்ப்பலகையில் இருப்பார், கிழமைக்கு ஒரு நாள்தான் வருவார். அது பிறகு தெரிந்து கவலைப்பட்டவர்கள் பலர்.

அக்கா, நானும் மனைவியும் மூன்று மாதத்துக்கு முதல்தான் வந்தோம். அறை வாடகைக்கு, எங்கள் பெயரில் ஒரு பில்லும் இல்லை. பக்கத்துச் சேர்ஜரியில் பாஸ்போட்டும் கவுன்சில் டாக்ஸ் கடிதமும் கொண்டுவந்தால்தான் பதியலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவி நாலு மாதக் கர்ப்பிணி.
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

தம்பி, அவர்கள் சொன்னது பிழை. இங்கிலாந்தில் ஜிபியிடம் பதிவதற்கு விலாச அத்தாட்சி தேவையில்லை. அடையாள அட்டை தேவையில்லை. விசா தேவையில்லை. என்.எச்.எஸ். இலக்கமும் தேவையில்லை. இருந்தால் காட்டலாம், பைலைத் தேடிப் பிடிக்க லேசாக இருக்கும். இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. ஜிபி பார்ப்பதற்குக் காசும் இல்லை.

மறுக்கக்கூடிய காரணங்கள் சில இருக்கின்றன. அவர்களின் பட்டியல் மூடியிருக்கலாம், நீங்கள் அவர்களின் எல்லைக்கு வெளியே இருக்கலாம். அப்படி மறுத்தால் 14 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆகவே திரும்பப் போய், மரியாதையாக, "பதிய முடியாது என்பதை எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். நான் இருந்த மேசையில் அந்த ஒரு வசனத்தைக் கேட்டவுடன் மனேஜரைக் கூப்பிடுவோம். பெரும்பாலும் மனேஜர் வந்து படிவத்தை நீட்டிவிடுவார். அவசரமாகப் பார்க்க வேண்டிய வருத்தம் என்றால், பதிய மறுத்த சேர்ஜரியும் 14 நாள் வரைக்கும் பார்க்கக் கடமைப்பட்டது.

மனைவிக்கு இன்னொன்று. பிரசவப் பராமரிப்புக்கு ஜிபி வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியின் மகப்பேற்றுப் பிரிவுக்கு நேரே விண்ணப்பிக்கலாம். நாலு மாதம் என்றால் நாளைக்கே செய்யுங்கள், ஸ்கான் தவணைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தம்பி, உங்கள் கடிதத்தை நான் இரண்டு நாள் பக்கத்தில் வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மழைநாள். ஒரு பிள்ளை, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது வரும், இடுப்பில் குழந்தையோடு என் மேசைக்கு வந்தாள். குழந்தையின் நெற்றியில் விபூதி, காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தது. பாஸ்போட் கேட்டேன். அப்போது எங்கள் சேர்ஜரியில் அதுதான் வழக்கம், எனக்குச் சொல்லித் தந்ததும் அதுதான். பிளாஸ்டிக் பையைத் திறந்து, நாலாக மடித்த ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) கடிதத்தை எடுத்து, மடிப்பு கிழியாமல் ஒவ்வொன்றாக விரித்து என் முன்னால் வைத்தாள். "பாஸ்போட் அவையளிட்ட இருக்கு அக்கா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். நானும் தமிழில்தான், "அது கிடைச்ச பிறகு வாங்கோ" என்றேன். அவள் திரும்ப நாலாக மடித்தாள். அந்த மடிக்கிற கையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அன்றிரவு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் விடியும்வரை இருந்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். குழந்தை சுகமாகிவிட்டது. நான் செய்தது பிழை. என்னிடம் யாரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை, ஒரு முறைப்பாடும் வரவில்லை. அடுத்த கிழமையில் இருந்து நான் யாரிடமும் பாஸ்போட் கேட்கவில்லை. மனேஜரோடு அதற்காக ஒருதரம் சண்டையும் பிடித்தேன். இன்றைக்கு உங்களைத் திருப்பி அனுப்பிய ரிசெப்ஷனிஸ்டும் கெட்ட மனிசியாக இருக்கத் தேவையில்லை, அவளுக்கும் யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் நீங்கள் திரும்பி வந்த வழியே வீட்டுக்குப் போகாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

சேர்ஜரி நல்லது, நேர்ஸ் நல்லவா, ஒரு டொக்டரோடு மட்டும்தான் சரிவரவில்லை. முழுவதும் மாற வேண்டுமா?
– டூட்டிங் வாசகி

வேண்டாம். 2004இல் இருந்து நாங்கள் பதிவது சேர்ஜரியில்தான், தனி டொக்டரிடம் அல்ல. உங்கள் பொறுப்புக்கென்று ஒரு டொக்டரின் பெயர் போட்டிருப்பார்கள், ஆனால் அவரைத்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. போன் எடுக்கும்போது "இந்த டொக்டரோடு தாருங்கள்" என்று மற்றவரின் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் முடிந்தவரை அதற்கு முயற்சி செய்ய வேண்டும். கொஞ்சம் கூட நாள் காத்திருக்க வேண்டி வரலாம். காரணம் கேட்டால் "எனக்கு அவரோடு கதைக்க லேசு" என்றால் போதும்.

அம்மாவை லெஸ்டரில் இருந்து குரொய்டனுக்கு எங்களோடு கூட்டி வருகிறோம். 78 வயது. சீனி, பிரஷர், கண் ஆஸ்பத்திரியிலும் காட்டுகிறா. ஜிபியை எப்போது மாற்றுவது?
– குரொய்டன் வாசகர்

மாற்றுவது லேசு. மாறுகிற அந்த இரண்டு மூன்று கிழமைதான் ஆட்களை விழுத்துகிறது. என் அனுபவத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு வருகிற போன் எல்லாம் இந்த விசயம்தான்: "நேற்றுத்தான் பதிஞ்சனாங்கள், அம்மாவின்ர இன்சுலின் முடிஞ்சுபோச்சு."

ஆகவே லெஸ்டரை விட முதல், வழமையான மருந்தெல்லாம் ஒரு மாதத்துக்கு எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் வலப்பக்கத்தை, அதாவது திரும்ப எடுக்கும் மருந்துகளின் பட்டியல் அச்சிட்ட பக்கத்தை, எறிய வேண்டாம். புதிய சேர்ஜரிக்கு அதுதான் முதல் நாள் கைகொடுக்கும். பைல் கொம்பியூட்டரில் வந்து சேர்ந்தாலும் மருந்துகளை ஒரு டொக்டரோ பார்மசிஸ்டோ பார்த்துச் சரி என்று போட்ட பிறகுதான் நீங்கள் ஓடர் பண்ணலாம். மின்சீட்டுப் போகும் மருந்துக்கடை இன்னமும் லெஸ்டர்க் கடையாகவே இருக்கும், அதையும் குரொய்டனுக்கு மாற்றச் சொல்லுங்கள். இந்தக் கடை விசயத்தை எல்லோரும் மறப்பார்கள். அம்மா இங்கே இருக்க, குளிசை அங்கே போய்க் கிடக்கும்.

கண் ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் எடுத்துப் புது விலாசத்தையும் புது ஜிபியையும் சொல்லுங்கள். ஜிபி மாறியதால் ஆஸ்பத்திரியில் உள்ள தவணை தானாக ரத்தாகாது. ஆனால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், தவணை தவறி, "வரவில்லை" என்று பெயரை வெட்டிவிடுவார்கள். சீனி வருத்தக்காரருக்குக் கண் பரிசோதனை தவறுவது சின்ன விசயம் இல்லை. லெஸ்டருக்கே போய்க் காட்டுவதா, லண்டன் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதா என்பதைப் புது ஜிபியோடு கதைத்து முடிவெடுங்கள்.

கொஞ்ச நாளுக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாலும் போவா என்றால் மாற்றவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட தங்கலுக்குத் தற்காலிக நோயாளியாகப் பதியலாம். லெஸ்டர்ப் பதிவு அப்படியே இருக்கும்.

இங்கே ஒஸ்லோவில் வருசத்தில் இரண்டு முறை மாற்றலாம் என்கிறார்கள். என் கணவர் வருசாவருசம் மாற்றுகிறார். இது நல்லதா?
– நோர்வே வாசகி

என் தங்கச்சியும் அங்கேதான், ஆகவே கொஞ்சம் தெரியும். 2001 ஜூனில் உங்கள் நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டொக்டர் என்ற ஏற்பாடு வந்தது. வருசத்துக்கு இரண்டு முறை காரணம் சொல்லாமல் மாற்றலாம், விரும்பிய டொக்டரின் பட்டியல் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் வரிசையில் நிற்கலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் உங்கள் நாட்டு ஆய்வு ஒன்றையே உங்கள் கணவருக்குக் காட்டுங்கள். 45 இலட்சம் நோர்வே ஆட்களின் பதிவுகளைப் பார்த்து பேர்கன் ஆய்வாளர்கள் எழுதியது. ஒரே டொக்டரோடு 15 வருசத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருசமோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்கள் இரவு அவசர டொக்டரிடம் போவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. இறப்பு 25 சதவீதமளவு குறைவு. ஆளைத் தெரிந்த டொக்டர், வாசலால் வரும்போதே முகத்தில் வருத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் சேர்ஜரியில் ஒரு டொக்டர், ஆட்கள் கூடத்தில் இருந்து அவர் அறைக்கு நடந்து வருவதைப் பார்க்கவென்றே எழும்பி வந்து கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "நடையிலேயே பாதி தெரிந்துவிடும்" என்பார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

கணவர் ஏன் மாற்றுகிறார் என்று எழுதவில்லை. கேட்ட மருந்தை எழுதித் தராததற்காகவா? தடிமனுக்கு அன்ரிபயோடிக் தரவில்லை என்று மாறுகிற ஆட்கள் எங்களிடமும் நிறையப் பேர். அது டொக்டரின் பிழை அல்ல.

அக்கா, பெயர், ஊர் ஒன்றும் போட வேண்டாம். எங்கள் டொக்டர் தமிழர், என் கணவரின் சிநேகிதர். நான் உள்ளே போனாலும் இவரும் கூட வந்து இருப்பார், இவர்தான் கதைப்பார். இவர் வராத நாளில் என் பதினொரு வயது மகள் கதைப்பாள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை இரண்டு பேருக்கும் முன்னால் சொல்ல முடியாது. எனக்கு மட்டும் வேறு இடம் போகலாமா? இவருக்குக் கடிதம் வருமா?

தங்கச்சி, போகலாம். ஒரு வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சேர்ஜரியில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பதிவது ஆளுக்கு ஆள். கணவரின் கையெழுத்தோ சம்மதமோ தேவையில்லை.

நீங்கள் சொல்வதை டொக்டர் கணவரிடம் சொல்லக் கூடாது. சிநேகிதர் என்றாலும் கூடாது, அது அவருடைய தொழிலின் கடமை. ஆனால் நீங்கள் அவரிடமே சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அவர் மேல் நம்பிக்கை வரவில்லை என்றால் அந்தக் காரணமே போதும்.

மகளைக் கதைக்க வைக்காதீர்கள். பிள்ளையால் தாங்க முடியாத விசயங்களைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைத்ததை என் மேசைக்கு முன்னால் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அம்மா தமிழில் ஒன்றைச் சொல்வா, பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மொழிபெயர்ப்பாளர் என்.எச்.எஸ்.இல் இலவசம். போனிலேயே கதைப்பார், எங்கேயோ தூரத்தில் இருப்பவர், உங்களை யார் என்று அவருக்குத் தெரியாது. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். தமிழ் டொக்டரைத் தேடி அலையத் தேவையில்லை. சில நேரம் தமிழ் தெரியாத டொக்டரிடம்தான் எங்கள் பெண்களால் வாய் திறக்க முடிகிறது.

கடிதம்: படிவத்தில் வீட்டு நம்பரைப் போடாமல் உங்கள் கைபேசி நம்பரைப் போடுங்கள். அதை வேறு ஆட்களும் பார்ப்பார்கள் என்றால் அதையும் ரிசெப்ஷனில் சொல்லுங்கள். "வீட்டுக்குக் கடிதம் போட வேண்டாம், மெசேஜ் வேண்டாம், நானே வந்து கேட்கிறேன்" என்றால் உங்கள் பதிவில் அப்படி ஒரு குறிப்புப் போடுவார்கள். போட்டார்களா என்று திரும்பக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். உங்கள் கைபேசியில் என்.எச்.எஸ். ஆப்பைக் கணவரும் திறக்க முடியுமென்றால், அதையும் சொல்லுங்கள்.

வீட்டில் கை நீட்டுகிற விசயம் என்றால், அதை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: உடனடி ஆபத்துக்கு 999.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு சேர்ஜரி இருக்கும். காலை ஒன்பதரைக்குப் பிறகு போங்கள், எட்டு மணிப் போன் நெரிசல் அடங்கியிருக்கும், ரிசெப்ஷனிஸ்டுக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கும். "ரெஜிஸ்டர்" என்று சொல்லுங்கள், படிவம் தருவார்கள். "பிரைவேட்" என்று சொல்லுங்கள், பக்கத்து அறைக்குக் கூட்டிப் போவார்கள். "தமிழ் இன்டர்பிரிட்டர், லேடி" என்று சொல்லுங்கள். இந்த மூன்று சொல்லையும் ஒரு துண்டில் எழுதிக் காட்டினாலும் சரி. என்னிடம் அப்படித் துண்டோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் அதை வாசித்துவிட்டு மேசையைச் சுற்றி வெளியே வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.